பிராய்லர் கேட்ட டீச்சர்

– பிராய்லரா? டீச்சர், நீங்க லேயர்னு சொல்ல வந்து வாய் தவறிப் போச்சு.

– வாயெல்லாம் தவறலை. பிராய்லர்தான். கறிக்கோழிக் குஞ்சு, ரெண்டு பெட்டி.

– நீங்க எப்பவும் முட்டைக்கோழிக் குஞ்சுதானே எடுப்பீங்க?

– எப்பவும் எடுத்தா இன்னைக்கும் எடுக்கணுமா? துணிக்கடையில போய் நின்னா, போன தடவை நீலம் எடுத்தீங்களே, இப்ப ஏன் பச்சைன்னு யாராவது மறிச்சுக் கேக்கறாங்களா?

– அது துணி. இது உசிரு.

– ஊசிம்மா, வர்ற வாடிக்கையை எல்லாம் உங்க பையன் இப்படித்தான் விரட்டுவாரா?

– அவன் எங்க விரட்டறான், டீச்சரம்மா? பாதிப் பேர் அவன் மூஞ்சியைப் பார்த்துட்டு அவங்களாவே போயிடுவாங்க. நான் எதுவும் சொல்லலை. நான் பாட்டுக்கு ஊசி போட்டுட்டு இருக்கேன்.

– அம்மா, பேசிக்கிட்டே போடாதே. கையில குத்திக்கப் போற.

– நீ பொறக்கறதுக்கு முன்னாடி இருந்து குஞ்சுக் கழுத்துல ஊசி போடறேன். எது குஞ்சு, எது என் விரல்னு எனக்குத் தெரியாதா? நீ உன் மேஜையைப் பாரு.

– இல்ல, முன்கூட்டியே சொல்லி வச்சாத்தானே குஞ்சு கிடைக்கும்? திடுதிப்புனு வந்து ரெண்டு பெட்டி கேட்டா நான் எங்க போறது?

– எங்கயும் போக வேணாம். உன் முன்னாடி மேஜையில கத்திட்டு இருக்கே, அதுல ரெண்டு பெட்டி இவங்களுக்குத்தான். என்கிட்ட சொல்லி வச்சாங்க.

– என்கிட்ட ஏன் சொல்லலை?

– உன்கிட்ட எதுக்குச் சொல்லணும்? குஞ்சுகிட்ட கேட்டுட்டா முட்டையை மெஷின்ல வைக்கிறோம்?

– சரி, பார்க்கலாம். டீச்சர், ஒண்ணு யோசிச்சுக்கோங்க. லேயர் எடுத்தா அஞ்சு மாசத்துல முட்டை வைக்க ஆரம்பிக்கும். அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல நிறுத்தாம வைக்கும். பிராய்லருக்கு ஆறு வாரம்தான் ஆயுசு. தின்னும், தூங்கும், தராசுல ஏறும். அதோட ஷெட்டு காலி.

– அதான் வேணும். ஷெட்டு காலியாகணும்.

– எதுக்குக் காலியாகணும்?

– பூட்டறதுக்கு.

– ஷெட்டையா? உங்க ஷெட்டையா பூட்டப் போறீங்க?

– பின்ன பக்கத்து வீட்டையா பூட்டுவேன்? எங்க அண்ணன் போன் பண்ணினான். அவன் இருக்கிற ஊர்ல ஒரு ஸ்கூல்ல வேலை வந்திருக்காம். நாலாங்கிளாஸ். "இவ்வளவு படிச்சுட்டுக் கோழி எச்சத்தை வாரிட்டு இருக்கியே, அசிங்கமா இல்லையா"ன்னு அவனுக்கு ஒரே பாட்டு. அங்க அவன் வீட்டு மாடியில எனக்குன்னு ஒரு ரூம், ஜன்னல் எல்லாம் வச்சு.

– ஓ.

– ஓவா? அவ்வளவுதானா?

– நல்ல வேலைதானே, டீச்சர்.

– நல்ல வேலைதான்.

– ஜன்னல் வேற இருக்கு.

– ஆமா, இருக்கு.

– டேய், அந்தக் குஞ்சை விடுடா! பஞ்சு மூட்டையை அமுக்கற மாதிரி அமுக்கறே. அது என்ன பாவம் பண்ணுச்சு?

– விட்டுட்டேன், அம்மா. அதுக்கு ஒண்ணும் ஆகலை. அப்ப எப்பத் திரும்பி வருவீங்க, டீச்சர்?

– எதுக்குத் திரும்பி வரணும்? இந்த ரெண்டு பெட்டியும் வளர்ந்து வண்டி ஏறினதும் நானும் பெட்டி கட்டிடுவேன். அப்பா போனதுல இருந்து அந்த ஷெட்டைத் தனியாத்தானே இழுத்துட்டு இருக்கேன். ஏன்னு கேக்க ஒரு ஆள் கிடையாது.

– அதெப்படி இல்லாம போகும்? ஆள் இருக்கு.

– யாரு?

– பொதுவாச் சொன்னேன். முட்டை வாங்கறவங்க எல்லாம் இருக்காங்கள்ல. பேக்கரிக்காரர் கேப்பாரு. உங்க முட்டை இல்லாட்டி அவருக்குக் கேக்கே எழும்பாதாம்.

– ஊசிம்மா, கேட்டீங்களா? பேக்கரிக்காரர் எனக்காக ஏங்குவாராம்.

– அவருக்குப் பேரன் பேத்தி எடுத்தாச்சு, டீச்சரம்மா. நான் எதுவும் சொல்லலை.

– ஸ்கூல்னா தொண்டை போயிடும், டீச்சர். நாள் பூரா கத்தணும்.

– இங்க மட்டும் என்ன, கோழிங்க என்கிட்ட கையைத் தூக்கி அனுமதி கேட்டுட்டா பேசுதுங்க?

– சாக்பீஸ் தூள் நெஞ்சுக்கு ஆகாது.

– மரத்தூளைத் தினம் கிளறிப் போடறவளுக்கு சாக்பீஸ் தூள் என்ன செய்யும்?

– சரி, அதை விடுங்க. பிராய்லர் உங்களுக்கு ஒத்து வராது. போன தடவை முட்டை நின்ன கோழிங்களை வண்டியில ஏத்தினப்ப நீங்க என்ன பண்ணினீங்க? ஒவ்வொண்ணையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு அனுப்பினீங்க. கடைசி பெஞ்ச் போறா, லீடர் போறா, லீவு லெட்டர் போறான்னு.

– அது வருகைப் பதிவு. பழக்கம் விடலை.

– வண்டி ஓட்டறவர் பயந்து போயிட்டாரு. கோழி வாங்க வந்தோமா, பிள்ளை பிடிக்க வந்தோமான்னு என்கிட்ட வந்து கேட்டாரு. ஒன்றரை வருஷம் வளர்த்ததுக்கே அந்த அழுகை. இது ஆறே வாரம். முகம் பழகி முடியறதுக்குள்ள வண்டி வந்து நிக்கும்.

– இந்தத் தடவை பேர் வைக்கமாட்டேன். போதுமா? நேரமாகுது, பொறுக்குங்க. எப்பவும்போல நல்ல குஞ்சா வேணும்.

– பொறுக்கறேன். நீங்க அந்த ஸ்டூல்ல உக்காருங்க. முதல் தடவை மாதிரி நீங்களே கையை விட்டுடாதீங்க.

– இன்னுமா அதைச் சொல்லிட்டு இருக்கீங்க?

– எப்படி மறக்கும்? எந்தக் குஞ்சு கண்ணை மூடிட்டு மூலையில பேசாம உக்காந்திருக்கோ, அதையெல்லாம் தேடித் தேடி எடுத்துப் பெட்டியில அடுக்கினீங்க. ஏன்னு கேட்டா, "இதுங்கதான் ஒழுங்கா இருக்குங்க"ன்னீங்க.

– பல வருஷம் கிளாஸ் எடுத்தவளுக்கு, சத்தம் போடாம இருந்தா நல்ல பிள்ளைன்னுதான் தோணும்.

– அது அத்தனையும் சீக்கு. இங்க நல்ல பிள்ளைன்னா கத்தணும், ஓடணும், பக்கத்துல நிக்கறவனை மிதிச்சுட்டு முன்னாடி வரணும்.

– அதைத்தான் என் கிளாஸ்ல முட்டி போட வைப்பேன். அன்னைக்கு நீங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே! மாஸ்க் கன்னத்துக்கு மேல ஏறிடுச்சு.

– நான் சிரிக்கலை.

– சிரிச்சே. நான் பார்த்தேன். உனக்குப் பல்லு இருக்குங்கறதே எனக்கு அன்னைக்குத்தான் ஞாபகம் வந்துச்சு.

– அம்மா, நீ ஊசியைப் போடு. டீச்சர், பாருங்க, ஆரம்பிச்சாச்சு. இந்தக் குஞ்சு, கண்ணு பளிச்சுன்னு இருக்கு. காலு வழவழன்னு இருக்கு. தொப்புள்... ம்ஹூம். இது வேணாம்.

– ஏன்?

– தொப்புள் சரியா மூடலை. அது வழியாக் கிருமி ஏறும். கழிக்கிற கூடைக்குப் போகட்டும்.

– பாவம். அடுத்தது?

– இதுவும் வேணாம். காலு கொஞ்சம் வளைவு. பிராய்லருக்கு உடம்பு சீக்கிரம் கனக்கும், காலு தாங்கணும்.

– இது?

– ஈரம் காயலை.

– எனக்கு இங்க இருந்து பார்த்தா பவுடர் பூசின மாதிரி புசுபுசுன்னு இருக்கே.

– தொட்டாத்தான் தெரியும். இதுக்கு அலகு கோணல். இது உருவம் சின்னது. இது பின்பக்கம் ஒட்டியிருக்கு. இதுவும் வேணாம்.

– என்னடா இன்னைக்குப் பெட்டிக்கு முன்னாடி கூடை நிறையுது?

– மெஷின்ல சூடு ஏறி இறங்கியிருக்கும், அம்மா.

– என் மெஷினைப் பத்திப் பேசாதே. அதுல சூடு ஏறினா முதல்ல எனக்குத்தான் ஏறும்.

– முட்டையே சரியில்லாம வந்திருக்கும்.

– முட்டையை ஒவ்வொண்ணா வெளிச்சத்துல காட்டிப் பார்த்து நீதானே உள்ள வச்சே? அப்ப வாயைத் திறக்கலை.

– சரி, சண்டை வேணாம். இந்தக் குஞ்சைச் சொல்லுங்க. இது துள்ளிக்கிட்டு நிக்குதே.

– இதை மல்லாக்கப் போட்டுப் பார்க்கலாம், டீச்சர். சோம்பல்னா எழுந்திருக்க நேரமாகும்.

– கையை எடுக்கறதுக்குள்ள எழுந்துருச்சு!

– ரொம்பச் சீக்கிரம் எழுந்துருச்சு.

– சீக்கிரம் எழுந்தா தப்பா?

– அவசரக்காரக் குஞ்சு. தீனியை முழுங்கறப்ப தொண்டையில சிக்கும். வேணாம்.

– அப்படி ஒரு வியாதியை இப்பத்தான் கேள்விப்படறேன். இது?

– இதோட பார்வை சரியில்ல.

– கண்ணுல நோயா?

– நோயில்ல. ஒரு மாதிரி முறைக்குது.

– யாரை? உங்களையா?

– ஆமா.

– எனக்கும் அதே மாதிரி முறைக்கணும்போல இருக்கு. அந்தக் கூடையை இப்படித் தள்ளுங்க.

– டீச்சர், அது கழிச்சது. அதுல கை வைக்காதீங்க.

– நீங்க சொல்லிக் குடுத்த பாடம்தானே, நானும் ஒரு தடவை பரீட்சை எழுதறேன். இதோ, இது தொப்புள் சரியில்லைன்னு தள்ளினது. நல்லா மூடியிருக்கு, விரல் வச்சா ஒண்ணும் தட்டலை. மல்லாக்கப் போட்டேன், எழுந்துருச்சு. பின்பக்கம் சுத்தம். கத்தற கத்துல என் காது அடைக்குது. இதை ஏன் தள்ளினீங்க?

– அது வந்து...

– இது கால் வளைவுன்னீங்க. என் உள்ளங்கையில சிப்பாய் மாதிரி நிக்குது. ஏன்?

– வெளிச்சம் சரியில்லாம...

– ஜன்னல் உங்க முதுகுக்குப் பின்னாடி திறந்து கிடக்கு. இது சின்னதுன்னீங்க. பெட்டிக்குள்ள இருக்கறதோட சேர்த்து வைக்கறேன், பாருங்க. இதுதான் அண்ணன் மாதிரி இருக்கு.

– என்கிட்டயும் ஒண்ணு காட்டு, டீச்சரம்மா. அடக் கடவுளே! பட்டுத் துணி மாதிரி இருக்கே! டேய், சந்தையில உனக்கு ஏன் சல்லடைன்னு பேர் வச்சாங்க? ஒரு நோஞ்சான் குஞ்சு கூட உன் கையைத் தாண்டி வெளிய போகாதுன்னுதானே? நல்லதை எல்லாம் வெளிய விடாம பிடிச்சு வச்சுக்கற சல்லடையை இன்னைக்குத்தான் பார்க்கறேன். நான் எதுவும் சொல்லலை.

– காரணம் சொல்லுங்க.

– சொல்லலாம். நீங்க முதல்ல உக்காருங்க.

– நான் நின்னுக்கிட்டே கேட்டுக்கறேன்.

– நல்ல குஞ்சா குடுத்தா என்ன ஆகும், டீச்சர்?

– வளரும்.

– வளர்ந்தா?

– வித்துருவேன்.

– வித்ததும் ஷெட்டைப் பூட்டிட்டு அண்ணன் ஊருக்குப் போயிடுவீங்க. அதான் தள்ளினேன்.

– ஓஹோ. அப்ப நோஞ்சான் குஞ்சா பார்த்துக் குடுக்க வேண்டியதுதானே? அது சரியா வளராது, நானும் கிளம்ப முடியாதுன்னு?

– அதுக்கு மனசு வரலை. உங்க கையில நோஞ்சானை எப்படிக் குடுப்பேன்? நீங்க அதுக்கும் சேர்த்து அழுவீங்க.

– அதனால ஒண்ணுமே குடுக்க வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்க.

– ஆமா.

– குஞ்சே இல்லைன்னா ஆறு வாரம் எதுக்குக் காத்திருக்கணும்? நாளைக்கே பூட்டிட்டுக் கிளம்பிடுவேனே?

– ஐயோ.

– ம்.

– அதை நான் யோசிக்கலை.

– அப்படியே இவன் அப்பா மாதிரி. அவரும் இப்படித்தான், மழை பெய்யுதுன்னு குடையை நனையாம பத்திரமா சட்டைக்குள்ள வச்சுட்டு வருவாரு.

– அம்மா, நீ ஒரு நிமிஷம் சும்மா இரேன். டீச்சர், போகாதீங்க.

– யார் சொல்றது? பேக்கரிக்காரர் சார்பாவா?

– நான்தான் சொல்றேன்.

– ஏன் போகக்கூடாது?

– எல்லாத்துக்கும் காரணம் கேக்கறீங்க.

– கேப்பேன். கேள்வி கேக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம் குடுத்தாங்க.

– சரி, நான் ஒண்ணு கேக்கறேன். புதுக் குஞ்சு இறக்கின முதல் வாரம் தினமும் சாயங்காலம் உங்க ஷெட்டுக்கு வருவேனே, எதுக்கு வந்தேன்னு நினைச்சீங்க?

– குஞ்சுக்குச் சூடு குடுக்கற புரூடர் விளக்கு சரியான உயரத்துல தொங்குதான்னு பார்க்க. குஞ்சுங்களோட இரைப்பையைத் தடவி, நல்லாத் தின்னிருக்கான்னு பார்க்க. வாங்கினவங்களுக்கு எல்லாம் நீங்க செஞ்சு குடுக்கற சர்வீஸ்னு நினைச்சேன்.

– அப்படி ஒரு சர்வீஸே எங்ககிட்ட கிடையாது.

– கிடையாதா?

– கிடையாது, டீச்சரம்மா. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி பண்ணை வச்சிருக்காரே ஒருத்தர், குஞ்சு எல்லாம் விளக்கடியில ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குதுன்னு போன்ல அழாத குறை. இவன் "குளிருது, விளக்கை இறக்குங்க"ன்னு சொல்லிட்டுப் போனை வச்சுட்டான். எழுந்து வாசல் வரைக்கும் கூடப் போகலை. நான் எதுவும்...

– அம்மா!

– சொல்லலை.

– இருங்க. ஒரு நாள் வந்து விளக்கை ஒரு சாண் ஏத்துவீங்க. மறுநாள் வந்து ஒரு சாண் இறக்குவீங்க. ரொம்ப நுணுக்கமான வேலை போலன்னு நான் நோட்டம் விட்டுக்கிட்டே நிப்பேன். அதெல்லாம் எதுக்கு?

– விளக்கு முதல் நாளே சரியாத்தான் தொங்குச்சு.

– அடப்பாவி மகனே! அந்தக் குஞ்சுங்க என்ன நினைச்சிருக்கும்? அதுங்களுக்கு சூரியன் நினைச்ச நேரம் ஏறி இறங்கியிருக்கு!

– ஒரு சாண்ல ஒண்ணும் ஆகாது. பார்த்துத்தான் ஏத்தினேன்.

– அதுலயும் கணக்கு!

– டீச்சர், எனக்குப் பேச வராது. குஞ்சைக் கையில எடுத்தா இது தேறும், இது தேறாதுன்னு சொல்லிடுவேன். மனுஷங்க விஷயத்துல நான் சுத்த மக்கு. இந்தக் கதவை யாராவது திறந்தா நிமிர்ந்து பார்ப்பேன். நீங்களா இருந்தா, அன்னைக்கு வேலை லேசா ஓடும். நீங்க இல்லைன்னா திரும்பக் குனிஞ்சுக்குவேன். ரொம்ப நாளா இப்படித்தான் போயிட்டு இருக்கு. இதுக்கு என்ன பேருன்னு நீங்கதான் சொல்லணும், நீங்க படிச்சவங்க.

– நாலாங்கிளாஸ் பாடத்துல அது வரலை.

– கிண்டல் பண்றீங்க.

– கிண்டல் இல்ல. கண்ணுல தூசி விழுந்துருச்சு. இந்தக் குஞ்சு மயிர் பறந்து பறந்து...

– மாஸ்க் எடுத்துத் தரட்டுமா?

– கண்ணுக்கு எதுக்கு மாஸ்க்? நீங்க பேச்சை மாத்தாதீங்க. விட்ட இடத்துல இருந்து சொல்லுங்க.

– என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?

– அப்பாடா!

– அம்மா, நீ கொஞ்சம் வெளிய போயேன்.

– எதுக்குடா போகணும்? மருந்தைக் கலக்கியாச்சு. கலக்கினா வச்சிருக்கக்கூடாது, உடனே போட்டு முடிக்கணும்னு சட்டம் பேசறதே நீதான். நான் இந்தப் பக்கம் திரும்பிக்கறேன், போதுமா? காது என்னவோ அந்தப் பக்கம்தான் இருக்கும்.

– எனக்கு ரெண்டு விஷயம் இருக்கு. பேசித் தீர்த்துக்கலாமா?

– சொல்லுங்க, டீச்சர்.

– அந்த ஷெட்டு என்னோடது. கூரை ஓடெல்லாம் அப்பா ஏணி வச்சு அவரே மாட்டினது. கல்யாணம் ஆனதும் "நீ வீட்டுல இரு, இனிமே நான் பார்த்துக்கறேன்"னு சொல்லக்கூடாது. யாரும் சொல்லக்கூடாது.

– நான் எங்க இருந்து சொல்றது? இந்த மேஜையை விட்டு நகர்றதே பெரிய பாடு. நீங்க உங்க ஷெட்டைப் பாருங்க, நான் என் குஞ்சைப் பார்க்கறேன். சாயங்காலம் மட்டும் விளக்கைப் பார்க்க வரேன்.

– விளக்கைத் தொட்டா கை உடையும். ரெண்டாவது, என்னை டீச்சர்னு கூப்பிடக்கூடாது.

– வேற எப்படிக் கூப்பிடறது, டீச்சர்?

– யோசிங்க. அது உங்களுக்கு வீட்டுப்பாடம்.

– எனக்கும் ஒண்ணு இருக்கு. நான் இன்னும் திரும்பலை, இப்படியே சுவத்தைப் பார்த்துச் சொல்றேன். இவன் சட்டைப் பையைத் தினமும் சோதிக்கணும். இதுக்கு முன்னாடி ஒரு இடத்துல பேசி, எல்லாம் முடியப் போற நேரம், பொண்ணோட அப்பா முன்னாடி உக்காந்திருக்கான். பையில இருந்து கீச்சு கீச்சுன்னு சத்தம். அவர் போன் அடிக்குதுன்னு தன் பையைத் தடவறாரு.

– குஞ்சா?

– ஒண்ணே ஒண்ணு. குளிர்ல நடுங்கிட்டு இருந்துச்சு. விட்டுட்டுப் போக மனசு வரலை.

– பிழைச்சுதா?

– பிழைச்சுது. பெரிய சேவலா சுத்திட்டு இருக்கு. விடியறதுக்குள்ள அம்மாவை எழுப்பி விடறது அதுதான்.

– சம்பந்தம் போச்சு, சேவல் வந்துச்சு. நான் எதுவும் சொல்லலை.

– விடுங்க, அத்தை. இனிமே அந்தப் பையை நான் பார்த்துக்கறேன்.

– என்ன சொன்னே?

– பையை நான் பார்த்துக்கறேன்னேன்.

– அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை வந்துச்சே.

– அத்தைன்னேன்.

– டேய்! இவ ஒத்துக்கிட்டாடா! மரம் மாதிரி நிக்காதே, வாயை மூடு, குஞ்சு மயிர் உள்ள போயிடும்!

– ஒத்துக்கிட்டாங்களா? எப்ப?

– இப்பத்தான்டா. உன் கண்ணு முன்னாடிதான்.

– இருங்க, இருங்க. அப்ப நீங்க அண்ணன் ஊருக்குப் போகலையா?

– போகலை.

– ஜன்னல் வச்ச ரூம்?

– அதுல அண்ணனே காத்து வாங்கட்டும்.

– அப்ப பிராய்லர் வேணாம். லேயர்தான். பெட்டைக் குஞ்சா பார்த்து நானே பிரிச்சு... ஐயோ! லேயர் ஒண்ணு கூட இல்லையே! இன்னைக்கே முட்டையை மெஷின்ல வச்சாலும் பொரிக்க மூணு வாரம் ஆகுமே! அதுவரைக்கும் ஷெட்டு காலியாக் கிடந்தா உங்க அண்ணன் வந்து, "இங்க என்ன வேலை, கிளம்பு"ன்னு கூட்டிட்டுப் போயிடுவாரே. நான் அவர்கிட்ட என்ன பேசறது? எப்படிப்பட்டவர் அவரு? கத்துவாரா?

– நல்லாக் கத்துவான். பக்கத்துல நிக்கறவனை மிதிச்சுட்டு முன்னாடி வருவான். உங்க கணக்குப்படி ரொம்ப ஆரோக்கியமான ஆளு.

– வெளையாடாதீங்க, எனக்கு இப்பவே வேர்க்குது. பேசறேன், எப்படியாவது பேசறேன். முதல்ல குஞ்சுக்கு வழி பார்க்கணும். வேற யார்கிட்டயாவது லேயர் கிடைக்குமான்னு இப்பவே போன் போடறேன்.

– போனைக் கீழ வைடா. வாசல்ல ஹாரன் அடிக்குது, காதுல விழலை? வண்டி வந்துருச்சு. தள்ளி வச்ச குஞ்சை எல்லாம் எடுத்துத் திரும்பப் பெட்டியில போடு, சீக்கிரம்.

– யார் வண்டி?

– பண்ணையும் வச்சிருக்காரே, அந்தக் கறிக்கடைக்காரரோடது. பிராய்லர் அத்தனையும் அவருக்குத்தான். டீச்சருக்குன்னு சொன்னது பொய். நான் சொன்ன ஒரே பொய்.

– எதுக்கும்மா பொய் சொன்னே? இரு, வண்டிக்குள்ளயும் ஏதோ பெட்டி தெரியுதே. அதுவும் கீச்சு கீச்சுன்னு கத்துது.

– லேயர் குஞ்சு. உன் பெரியம்மா ஹேச்சரியில பொரிச்சு, பெட்டையை மட்டும் பிரிச்சு, ஊசியும் போட்டாச்சு. இங்க மெஷின்ல வச்சா நீ அன்னைக்கே மோப்பம் பிடிச்சிருப்பே. அதான் வர்ற வழியில ஏத்திட்டு வாங்கன்னு வண்டிக்காரர்கிட்ட சொன்னேன்.

– லேயரா? யாருக்கு?

– என்னைக் கேக்காதே. மத்ததெல்லாம் சொல்லிட்டேன், இதை மட்டும் நான் நிஜமாவே உன்கிட்ட சொல்லலை.

– எனக்குத்தான். அண்ணன் போன் பண்ணின அன்னைக்கே வரமாட்டேன்னு சொல்லிட்டு, நேரா அத்தைகிட்ட வந்து முட்டை வைக்கச் சொல்லிட்டேன். மூணு வாரத்துல குஞ்சுங்க எல்லாம் ஓட்டை உடைச்சுக்கிட்டு வெளிய வந்துருச்சு. நீங்க மட்டும்தான் வரலை. அதான் இன்னைக்கு பிராய்லர் கேட்டேன்.